தளிர்க்கும் மாதத்தில் கிளை வெட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாசி மாதம் பாதி கடந்ததும் நாளிதழ்களில் வெயில் செய்திகள் தொடங்கிவிடுகின்றன. நுங்கம்பாக்கத்தில் எவ்வளவு, மீனம்பாக்கத்தில் எவ்வளவு, இயல்பைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று தங்கள் நாளிதழும் நாள்தோறும் வெளியிடுகிறது. அவை தேவையான செய்திகள்தான். ஆனால் அதே நாட்களில் அதே நகரத்தில் இளவேனிலும் தெருத்தெருவாக வந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. சென்னைக்கு வெயில், கடும் வெயில், கத்திரி வெயில் என்று மூன்றே பருவங்கள்தான் என நம்மை நாமே கேலி செய்துகொண்டு பழகிவிட்டோம். அந்தக் கேலியால் யாருக்கும் நட்டமில்லை என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். இங்கே வசந்தம் என்று ஒன்று கிடையாது என்று நம்பிவிட்டதால்தான், மரங்கள் தளிர்த்து, பூத்து, கூடுகளையும் தாங்கிக்கொண்டு நிற்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் சிறிதும் தயக்கமின்றிக் கிளைகளை வெட்டித் தள்ளுகிறோம். ஆபத்தான நிலையில் தொங்கும் கிளைகளைத் தவிர வேறெதையும் அந்த மூன்று மாதங்களில் வெட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இந்த நகரத்துக்கு வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கான காரணங்களை நான் வசிக்கும் அடையாறு காந்தி நகரையும் அதன் அக்கம்பக்கத்தையும் வைத்தே சொல்கிறேன்.

பஞ்சாங்கக் கணக்குப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. மரங்கள் அவ்வளவு நாள் பொறுத்திருப்பதில்லை. தை மாதத்திலேயே எங்கள் தெருக்களில் உள்ள பாதாம் மரங்களின் அகன்ற இலைகள் சிவக்கத் தொடங்குகின்றன. மாசியில் அரச மரமும், புங்கமும், தூங்குமூஞ்சி மரமும் ஒன்றன்பின் ஒன்றாக இலைகளைக் கொட்டுகின்றன. காலையில் பெருக்கிய இடம் மதியத்துக்குள் மீண்டும் மூடிவிடுகிறது. வெளிநாட்டுக் கதைகளையும் படங்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இலை உதிர்வது என்றால் குளிர்காலத்தின் தொடக்கம். நம் ஊரில் அது வசந்தத்தின் முதல் அறிகுறி. உதிர்வதும் துளிர்ப்பதும் இங்கே ஏறக்குறைய ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒரே புங்க மரத்தில் ஒரு பக்கம் பழுத்த இலை விழுந்துகொண்டிருக்க, மறுபக்கத்துக் கிளை பளபளப்பான பச்சைக்கு மாறிவிட்டிருப்பதை மாசிக் கடைசியில் யாரும் பார்க்கலாம். வறண்ட மாதங்கள் தொடங்கும்போது, நீரை அதிகம் செலவழிக்கும் பழைய இலைகளைக் கழித்துவிட்டு, மண்ணின் ஆழத்தில் எஞ்சியுள்ள ஈரத்தையும் உடம்பில் சேர்த்துவைத்த உணவையும் நம்பி, மழைக்கு வெகு முன்னதாகவே புது இலை விடுவது நம் நிலத்து மரங்கள் பலவற்றின் இயல்பு. வெயில் ஏற ஏற அவை பசுமையாவது அதனால்தான். பங்குனி நடுப்பகலில் இந்தத் தெருக்களில் நடப்பவர்களுக்குக் கிடைக்கும் நிழல் முழுவதும் சில வாரங்களுக்கு முன் துளிர்த்த இலைகளின் நிழல்.

அந்தத் தளிர்களை ஒருமுறையாவது கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கும்படி தங்கள் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அரச மரத்தின் தளிர் முதல் சில நாட்கள் பச்சையாகவே இருப்பதில்லை. செம்புக்கும் இளஞ்சிவப்புக்கும் இடைப்பட்ட நிறத்தில், ஈரம் காயாததைப் போன்ற பளபளப்புடன், காம்பிலிருந்து துவண்டு கீழ்நோக்கித் தொங்கும். வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் அனைத்தும் தெரியும். வேம்பின் கொழுந்தும் அப்படித்தான், அரக்குச் சிவப்பில் வரும். அந்தோசயனின் என்ற நிறமிதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். பச்சையம் போதிய அளவு சேர்ந்து இலை விறைப்பாக நிமிரும்வரை மரம் அந்த இலையிலிருந்து பெறுவதைவிட அதற்குக் கொடுப்பதே அதிகம். அந்த வாரங்களில் கிளையை வெட்டினால், சேமிப்பைச் செலவழித்துவிட்டு வரவுக்குக் காத்திருக்கும் மரத்தின் வரவைப் பறித்துக்கொள்கிறோம். மரம் வளர்க்கும் விவசாயிகள் எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்தில் இருக்கும் நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பங்குனியில் புங்கம் பூக்கிறது. வெண்மையும் வெளிர் ஊதாவும் கலந்த அந்தச் சிறு பூக்கள் மரத்தில் இருக்கும்போது கண்ணில் படுவதேயில்லை. உதிர்ந்து தரையை மூடிய பிறகுதான் அண்ணாந்து பார்க்கிறோம். வெண்மணலில் உதிர்ந்து கிடக்கும் புன்கம் பூவைச் சிதறிய நெற்பொரிக்கு ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். அடையாற்றுச் சிமெண்ட் நடைபாதையிலும் அந்த உவமை இன்றுவரை பொருந்துகிறது. ஆனால் நடைபாதையோரம் நிறுத்தப்பட்ட கார்களின் மேலும் அந்தப் பொரி விழுகிறது என்பதுதான் இக்காலத்துப் பிரச்சினை. அதற்குப் பின்னர் வருகிறேன்.

வேம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நகரத்து வசந்தத்துக்கு ஒரே ஒரு மரத்தைச் சாட்சியாக நிறுத்தச் சொன்னால் நான் வேம்பைத்தான் நிறுத்துவேன். கொன்றையின் மஞ்சளும் மயில்கொன்றையின் சிவப்பும் தூரத்திலிருந்தே கண்ணை இழுப்பவை. வேப்பம்பூ கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரியும். பகல் வெக்கை தணிந்து கடற்காற்று தெருவுக்குள் நுழையும் மாலை வேளையில், தேனும் மல்லிகையும் கலந்தது போன்ற ஒரு மெல்லிய வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடினால், மேலே கொத்துக் கொத்தாக, ஒவ்வொன்றும் ஐந்தே இதழ்களுடன், அரிசியைவிடச் சற்றே பெரிய வெள்ளைப் பூக்கள். ஏப்ரல் 14 அன்று சித்திரை பிறக்கும்போது மாங்காயும் வெல்லமும் சேர்த்த பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும் என்பதால், முந்தைய நாள்களில் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து வைத்து, உதிர்ந்த பூவைப் புடைத்து, நிழலில் காயவைத்து எடுத்துவைக்கும் வீடுகள் இந்தப் பகுதியில் இன்னும் உள்ளன. மீந்தது ஆண்டு முழுவதும் ரசத்துக்கு ஆகும். இப்போது அதே பூ கடைகளில் சிறு பொட்டலங்களாக விற்கப்படுகிறது. வாசலில் வேம்பை வைத்துக்கொண்டு, கிளையை வெட்டச் சொல்லிவிட்டு, பொட்டலம் வாங்கி வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். பங்குனியில் வெட்டிய கிளையோடு போவது பூ மட்டுமன்று. ஆனி, ஆடியில் அந்தக் கிளையில் பழம் இருக்காது. மைனாக்களும் கொண்டைக்குருவிகளும் அணில்களும் வௌவால்களும் வேப்பம்பழத்தை நம்பியே அந்த மாதங்களில் எங்கள் தெருவுக்கு வருகின்றன.

பறவைகளைப் பொறுத்தவரை முதலில் அறிவிப்பது குயில். மழைக்காலம் முழுவதும் குயில்கள் இந்த மரங்களில்தான் இருக்கின்றன. குரல் கொடுப்பதில்லை என்பதால் நாம் அவற்றை மறந்துவிடுகிறோம். மாசியில் கூவத் தொடங்கியபின், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து தேர்வுக்குப் படிக்கும் வீடுகளில் அதைத் திட்டாதவர்கள் குறைவு. கூவுவது கறுப்பு நிற ஆண் குயில். உடல் முழுவதும் புள்ளிகள் கொண்ட பெண் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அதன் விளைவை நாம் யோசிப்பதில்லை. குயிலின் பாட்டு வேண்டும், காக்கையின் கூடு வேண்டாம் என்று பிரித்துக் கேட்க முடியாது. கூட்டுக்கு அருகில் நடந்தால் தலையில் கொத்துகிறது என்று காக்கைக் கூடு உள்ள கிளையை வெட்டச் சொல்லும் குடும்பம், அடுத்த ஆண்டு குயிலைக் காணவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. காக்கை கொத்துவது சில வாரங்கள்தான். அதுவரை குடை பிடித்துக்கொண்டு போகலாம். எப்படியும் அது குடை பிடிக்க வேண்டிய வெயில்.

குயிலைப் போலப் புகழ் பெறாத இன்னொரு பறவை செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது. பச்சை உடல், நெற்றியிலும் மார்பிலும் செந்நிறத் தீற்றல், கண்ணைச் சுற்றி மஞ்சள். இலைகளுக்கு நடுவே பார்க்க முடியாது, கேட்க முடியும். பாத்திரக் கடையில் செம்பைச் சீராகத் தட்டும் ஓசையில், நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல், மூச்சு விடுகிறதா என்று ஐயுறும்படி நடுப்பகலில் ‘டொக் டொக்’ என்று குரலெழுப்பும். எத்தனையோ பேர் அதைப் பக்கத்து மனையில் நடக்கும் கட்டட வேலையின் சத்தம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பறவை கூடு கட்டுவதில்லை. பட்டுப்போன அல்லது உளுத்த கிளையில், பெரும்பாலும் கிளையின் அடிப்பக்கத்தில், மழையும் வெயிலும் உள்ளே இறங்காதபடி, அலகால் கொத்திக் கொத்திப் பொந்து குடைகிறது. வாய் ஏறக்குறைய ஐந்து ரூபாய் நாணயத்தின் வட்டத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். அவ்வளவு சரியான வட்டத்தைத் தச்சரும் கருவியின்றிப் போட முடியாது. ஆணும் பெண்ணுமாக முறைவைத்துக் குடைந்து, இரண்டு முதல் நான்கு முட்டைகள் இட்டு, குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் மாசியிலிருந்து சித்திரை வரையிலான இதே காலத்தில்தான்.

சென்ற ஆண்டு பங்குனியில் எங்கள் தெருவிலுள்ள முதிர்ந்த தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் கிளைகள் வெட்டப்பட்டன. காரணம் எளியது. அதன் இளஞ்சிவப்புப் பூவும், பிசுபிசுக்கும் காய்களும் கீழே நிற்கும் வாகனங்களில் ஒட்டிக்கொள்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிப்பவர்கள் கூடிப் பேசி ஆட்களை வரவழைத்தார்கள். காய்ந்த கிளைகள் முதலில் போயின, ஏனென்றால் அவை பயனற்றவை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அடிப்பக்கத்து வட்டப் பொந்து தெரிய வாய்ப்பில்லை. தெருவில் குவிக்கப்பட்ட கிளைகளைச் சிறு துண்டுகளாக நறுக்கும்போதுதான் ஒரு துண்டின் உள்ளே இறகு முளைக்காத குஞ்சுகள் இருந்தது தெரிந்தது. வெட்டிய இளைஞர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லியிருந்தா இந்தக் கிளையை விட்டிருப்பேனே சார்” என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதை வெட்ட வேண்டும் என்று அவருக்குக் காட்டியவர்கள் நாங்கள்தான். எதை வெட்டக் கூடாது என்று காட்ட எங்களில் ஒருவரும் கீழே இறங்கி வரவில்லை.

சட்டம் இதில் மௌனமாக இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதையும், முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதையும் சேர்த்திருக்கிறது. அது காட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் சட்டமன்று. ஆனால் கூடு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் வெட்டப்படும் கிளைக்கு எந்தச் சட்டமும் உதவாது. எனவேதான் காலத்தையே கட்டுப்படுத்த வேண்டும் என்கிறேன். ஆடி முடிந்து ஆவணியில் வெட்டினால் வேப்பம்பழம் பழுத்து முடிந்திருக்கும், குக்குறுவான் குஞ்சுகள் பறந்திருக்கும், காக்கைக் கூடுகள் பெரும்பாலும் காலியாகியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கும் புயல்களுக்கும் முன்பாகக் கிளைகளின் பாரத்தைக் குறைப்பதுதான் வெட்டுவதன் உண்மையான நோக்கம் என்றால், அதற்கும் அதுவே உகந்த காலம். பங்குனியில் வெட்டிய கிளை ஐப்பசிக்குள் இரண்டு மடங்கு போத்து விட்டுவிடுகிறது. அப்போது மறுபடியும் வெட்ட வேண்டும். வெட்டும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை: சாலைப் பக்கத்துக் கிளைகளை மட்டும் முழுவதுமாக எடுத்துவிட்டு, வேரைச் சுற்றிக் கழுத்துவரை சிமெண்ட் பூசிவிட்டால், மரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வல்லுநர் தேவையில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது இந்த நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் இழந்தது. அன்றைக்கு எஞ்சியவற்றில் சிலவற்றை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியில் இழந்தோம். அது தவிர்க்க முடியாதது என்றார்கள், இருக்கலாம். காரில் பூ விழுகிறது என்பதற்காக இழப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

வசந்தம் மரத்தோடு நின்றுவிடுவதில்லை. எங்கள் தெரு முனையில் பூ விற்கும் அம்மாவின் கூடையில் மார்கழி, தை முழுவதும் கனகாம்பரமும் சாமந்தியும்தான் மேலே இருக்கும். பனியில் மல்லிகைச் செடி மொட்டு வைப்பது குறைந்து, விலை ஏழை எளியவர் தொட முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறது. மாசி போய்ப் பங்குனி வரும்போது மல்லி இறங்குகிறது, முழத்தின் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் மீண்டும் நிற்கிறார்கள். அதே வாரங்களில் சந்தையில் மாவடு வருகிறது. பிறகு வெள்ளரிப் பிஞ்சு. பிறகு தள்ளுவண்டியில் நுங்கு. திண்டிவனம், மதுராந்தகம் பக்கத்திலிருந்து வரும் தர்பூசணி சாலையோரம் மலைபோல் குவிகிறது. மொட்டை மாடிகளில் வடாம் பிழிகிறார்கள். காக்கையை விரட்டக் கறுப்புக் குடையை விரித்து வைக்கிறார்கள். மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவுக்குத் தேர் அலங்கரிக்கப்படுகிறது. எட்டாம் நாள் அறுபத்து மூவர் விழாவுக்கு நீர்மோர்ப் பந்தல் போடும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிடும். அந்தக் கோயிலின் தலமரம் புன்னை என்பதையும், நம் முன்னோர் ஊருக்கொரு மரத்தைத் தெய்வத்தோடு சேர்த்து வைத்ததால் மட்டுமே சில மரங்களின் பெயராவது நமக்கு நினைவிருக்கிறது என்பதையும் இங்கே போகிறபோக்கில் குறிப்பிடுகிறேன்.

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் சிற்றாமைகள் தை முதல் பங்குனி வரை நம் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் இந்த மாதங்களின் இரவுகளில் கரையோரம் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் புதைத்து, ஏறக்குறைய ஐம்பது நாட்களுக்குப் பின் வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். அதாவது, சென்னையில் வசந்தத்தை ஒழுங்காகக் குறித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த இரவில் எத்தனை கூடுகள் என்ற கணக்கு இருப்பதால்தான், கரையோர விளக்குகளை அணைக்கச் சொல்லவும், இறந்து ஒதுங்கும் ஆமைகளுக்காகக் குரல் கொடுக்கவும் அவர்களால் முடிகிறது. தெருமரங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. எந்த வேம்பு எப்போது பூக்கிறது என்ற குறிப்பே இல்லாத நகரத்தில், பூக்கும் காலத்தில் வெட்டாதே என்று யார், எதைக் காட்டி வாதாட முடியும்?

ஆகவே என் இரண்டாவது வேண்டுகோள் தங்களிடம். ஜப்பானின் வானிலை நிறுவனம் ஒவ்வொரு நகரிலும் குறிப்பிட்ட ஒரு செர்ரி மரத்தை மாதிரி மரமாக வைத்திருக்கிறது. தோக்கியோவில் அது யாசுகுனி கோயில் வளாகத்தில் நிற்கிறது. அலுவலர் ஒருவர் நேரில் போய் அண்ணாந்து பார்த்து, ஐந்து அல்லது ஆறு பூக்கள் விரிந்திருப்பதை எண்ணிய பிறகே வசந்தம் மலர்ந்ததாக அறிவிக்கிறார்; தொலைக்காட்சிக் கேமராக்கள் அவரைச் சூழ்ந்து நிற்கும். கியோத்தோ நகரில் செர்ரி எப்போது முழுமையாகப் பூத்தது என்பதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளைத் திரட்டியிருக்கிறார்கள். 2021-இல் மார்ச் 26 அன்றே அது நிகழ்ந்தபோது, அந்தக் குறிப்புகளிலேயே மிக முந்தைய தேதி அது என்று உடனே சொல்ல முடிந்தது. புவி சூடாவதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் இன்று அந்தத் தேதிகளைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளத்தில் சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு மரத்தை வைத்துக்கொண்டு, அது தளிர்த்ததா, பூத்ததா, காய்த்ததா என்று வாரந்தோறும் குறிக்கிறார்கள். அதற்குத் துணை நின்றதில் அங்குள்ள ஒரு நாளிதழின் பள்ளித் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை மாதங்களுக்கு முன்பே பூத்துவிடுகிறது என்பதை அவர்கள் வெறும் பேச்சாக அல்லாமல் குறிப்பேட்டைக் காட்டிச் சொல்கிறார்கள்.

சென்னையில் வானிலையைக் குறித்து வைக்கும் வழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் வானாய்வு நிலையம் அமைத்தது 1792-இல். அத்தனை நீண்ட மரபு உள்ள நகரத்தில் ஒரு வேப்ப மரத்தைக் குறித்துவைப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று. தங்கள் நாளிதழில் வெயில் அளவு வெளியாகும் கட்டத்துக்குக் கீழே, தை முதல் வைகாசி வரை, இரண்டு வரி ஒதுக்கினால் போதும்: இன்று எந்தப் பகுதியில் எது பூத்தது, எது தளிர்த்தது, எந்தப் பறவையின் குரல் முதலில் கேட்டது. வாசகர்கள் அனுப்புவார்கள். அண்ணா நகரில் இயல்வாகை பூத்து மஞ்சளாகும் சாலைகளைப் பற்றி அண்ணா நகர்க்காரர்களும், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து வலசைப் பறவைகள் வடக்கே கிளம்புவதைப் பற்றி வேளச்சேரிக்காரர்களும், இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் தெருக்களைப் பற்றி வேறு யாரேனும் எழுதுவார்கள். முதலில் வருபவற்றில் பிழைகள் இருக்கும். இயல்வாகையைக் கொன்றை என்றும், அக்காக்குயிலின் குரலைக் குயிலின் குரல் என்றும் எழுதுவார்கள். திருத்தக்கூடியவர்களும் இதே நகரத்தில் இருக்கிறார்கள். கோட்டூர்புரம் மரப்பூங்காவில் நாட்டு மரங்களை நட்டுப் பேணியவர்கள் முதல், கல்லூரித் தாவரவியல் ஆசிரியர்கள் வரை.

குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். பூவும் இலையும் விழுவது குப்பை என்று புகார் எழுதும் முன், அந்த மரத்தடியில் மதியம் ஒரு மணிக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். உணவு கொண்டுவரும் இளைஞர்கள் அடுத்த அழைப்பு வரும்வரை வண்டியை நிறுத்துவது அங்கேதான். இஸ்திரி வண்டியும், செருப்புத் தைப்பவரும், நுங்குக்காரரும் இடம் பிடித்திருப்பதும் அங்கேதான். கார்களுக்கு உறை கிடைக்கிறது, அதிக விலையுமில்லை. மரத்தடியில் ஓரடி, இரண்டடி மண்ணை விட்டு மீதியில் சிமெண்ட் போட்டுக்கொண்டால், உதிர்ந்த இலையை அங்கேயே தள்ளி மட்கவிடலாம். பெருக்குபவரின் சுமையும் குறையும். பொது இடத்து மரத்தை வெட்டுவதற்கு உரிய அனுமதி வேண்டும் என்பதையும், அனுமதியின்றி வெட்டுவதைக் கண்டால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் தெரிவிக்கலாம் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம்.

இந்த ஆண்டு எங்கள் தெருவிலிருந்து தொடங்க ஆயத்தமாக இருக்கிறோம். காந்தி நகரில் இரண்டு வேம்பு, ஒரு புங்கம், ஓர் அரசு, ஒரு சரக்கொன்றை ஆகியவற்றை மாதிரி மரங்களாகத் தேர்ந்தெடுத்து, பள்ளி மாணவர்கள் சிலரிடம் குறிப்பேட்டை ஒப்படைத்திருக்கிறோம். தாங்கள் அந்த இரண்டு வரிக்கு இடம் தருவதாக இருந்தால், முதல் குறிப்பைக் காரடையான் நோன்புக்கு முன்பே அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
காந்தி நகர், அடையாறு,
சென்னை – 20.